கடலுக்குத் தகுதியற்றது

"கோரம் இருக்கா, ராஜகோபாலன்?"

இருந்தது; கூட்டம் செல்லுபடியாக மூன்று பேர் போதும். இடப்பக்கப் பலகையில், கேள்வி கேட்ட தலைவர் மாணிக்கவாசகம். எதிர்ப்பலகையில், முழங்கால் முட்ட, பொருளாளர் தங்கபுஷ்பம். கதவருகே படியில் செயலாளர் ராஜகோபாலன். பாய்மரப் படகு கிளப்பின் மாதக் கூட்டம் இரண்டாம் சனிக்கிழமை நடந்தே தீரவேண்டும், மழையானாலும் சரி, புயலானாலும் சரி. மூவரும் தொப்பலாக நனைந்திருந்தார்கள். பிளாஸ்டிக் பைக்குள் ராஜகோபாலனின் ஃபைல் மட்டும் காய்ந்திருந்தது.

பேச வேண்டியது ஒன்றுதான்: உம்மே ஹானியின் நாற்பது வருஷத்து ஃபைபர் படகைக் கிளப்பை விட்டு நீக்குவது.

"அது படகா? குளிக்கிற தொட்டிக்குப் பாய் கட்டின மாதிரி," என்றார் தலைவர். "உடம்பெல்லாம் கொப்புளம். பட்டினப்பாக்கம் தாண்டறதுக்குள்ள பொங்கல் வந்துடும்."

தங்கபுஷ்பம் தயங்கினாள். "அந்தப் படகுல பசங்களுக்குக் கத்துக்குடுத்துதான் சார் அந்தம்மா சாப்பிடறாங்க. அந்தக் காலத்துல ஃபைபரைத் தடிமனாப் போட்டாங்களாம். அடியில கனம் வேற. எவ்வளவு சாய்ஞ்சாலும் நிமிர்ந்துக்குமாம்."

"எருமைகூடத்தான் கனம். ரேஸ்ல விடுவாளோ?" ராஜகோபாலன் மூக்கைச் சுளித்தார். "தலைவரோட புதுப் படகு இறகாட்டம் என்ன லேசு!"

தலைவர் இருமினார். "அது கிடக்கட்டும். தீர்மானத்தை எழுதுங்க."

"சார்!" வெளியிலிருந்து உம்மே ஹானி கத்தினாள். "பலகைக்கு அடியில பிளாஸ்க்ல டீ கீது, ஊத்திக்குங்க!"

"கூட்டம் நடக்கறச்சே குறுக்கே பேசப்படாதும்மா!" ராஜகோபாலன் கதவை அடித்துச் சாத்தினார். டீயை மூவரும் குடித்தார்கள்.

'மேற்படி படகு கடலுக்குத் தகுதியற்றது. இனி உறுப்பினர் எவரும் அதில் ஏறக்கூடாது.' தங்கபுஷ்பமும் கை தூக்கினாள். ஏகமனது.

ராஜகோபாலன் தீர்மானம் எழுதிய கடிதத்தை உறையிலிட்டு, ஓரம் பிசகாமல் ஒட்டினார். விதிப்படி கையில்தான் சேர்க்க வேண்டும். கதவைத் திறந்தார்.

ஆளுயர அலைகளுக்கு நடுவே, இரண்டு கையாலும் சுக்கானைப் பிடித்தபடி நின்றிருந்தாள் உம்மே ஹானி. தலைவரின் புதுப் படகு கவிழ்ந்த இடத்திலிருந்து மூவரையும் அள்ளிப் போட்டுக்கொண்டு, அவளுடைய பழைய படகு கரையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது.

"இன்னா சார் இது?"

"நோட்டீஸ். கரைக்குப் போனதும் படி," என்று அவளுடைய மழைக்கோட்டுப் பையில் உறையைச் செருகினார் ராஜகோபாலன். "அதுவரைக்கும் பத்திரமா ஓட்டும்மா."