பாட்டு எழுதின வருசம்

தலைமன்னார்க் கரையில் வெயில் சுடத் தொடங்குகிறது. நிக்சனும் யூட்டும் வலையிலிருந்து நண்டு கழற்றியபடி வாதாடுகிறார்கள். விரல்களில் பழைய வெட்டுகள் உப்புப் பட்டு வெளுத்திருக்கின்றன. மீன்பெட்டி மேலிருக்கும் போனில் ‘உவர்’ றொக் குழுவின் பாட்டு ஓடுகிறது. கித்தார் இரைச்சலுக்கு மேலே கத்திப் பாடுகிறவன் அன்ரன்; பாட்டை எழுதியவனும் அவன்தான். அவன் மனைவி டெல்சியா எதிரே குந்தியிருந்து நண்டுக் காலில் சுற்றிய நூலைப் பிரிக்கிறாள். அது அவளுக்காகவே எழுதிய பாட்டு என்று கலியாணத்தன்று அவன் சொல்லியிருக்கிறான். “பாட்டில றெயில் வருதெல்லோ. சண்டை முடிஞ்சு இஞ்ச றெயில் திரும்ப ஓடினாப் பிறகுதான் எழுதியிருக்கிறான்,” என்கிறான் நிக்சன். “விசர்க்கதை கதையாத. இந்தியாவில அகதியா இருந்த மண்டபம் காம்பிலயும் றெயில் கேக்கும். நானும் அவனும் ஒரே காம்ப். அங்கயே இதைப் பாடினவன்,” என்கிறான் யூட். நிக்சன் டெல்சியாவைப் பார்க்கிறான். டெல்சியா இந்தத் தீவை விட்டுப் போகாதவள். அன்ரன் இந்தியாவிலிருந்து திரும்பி வந்த பிறகுதான் அவனைக் கண்டவள். சொன்ன பிறகே யூட்டுக்கு அது உறைக்கிறது. குனிந்து வலையை இழுக்கிறான். அவள் விரல்கள் அசையவில்லை. நண்டு ஒன்று நழுவி மணலில் ஓடுகிறது, ஒருவரும் பிடிக்கவில்லை.

அன்ரன் இடுப்பில் கட்டிய ஈரச் சாரத்தோடு படகிலிருந்து இறங்கி வருகிறான்.

“இஞ்சருங்கோ, இந்தப் பாட்டு எப்ப எழுதினனீங்கள்?” டெல்சியா தலையை நிமிர்த்தாமல் கேட்கிறாள்.

அன்ரன் அவளைப் பார்க்கவில்லை. யூட்டைப் பார்க்கிறான்.

“இவன் என்ன சொன்னவன்?”