மூணு எம்.பி.யில் ஒரு மலை

நிர்மலா எட்டிப் பார்த்ததும் பரந்தாமன் படக்கென்று கம்ப்யூட்டரில் வேறு படத்துக்குத் தாவினார். திருவாலங்காட்டு மணப்பெண் ஒருத்தி மாலையும் கழுத்துமாக வந்து நின்றாள்.

“யார்கிட்ட பேசிக்கினு இருக்கீங்க பாவா? தானா சிரிக்கிறீங்க?”

“ஆல்பம் வேலைடி. சாயந்தரம் பொண்ணு வீட்டுக்காரங்க வந்துடுவாங்க. நீ போ, வாசல்ல ஆள் நிக்கிது பாரு.”

புருஷனை ஏற இறங்க ஒரு பார்வை பார்த்துவிட்டு, மறைப்புத் துணியை விலக்கிக்கொண்டு நிர்மலா முன்கடைக்குப் போனாள்.

பெரிய ரகசியம் ஒன்றுமில்லை. மலையடிவாரத்தில் சொந்தமாக ஸ்டுடியோ வைத்திருக்கிற நாற்பத்தெட்டு வயது மனிதர் கம்ப்யூட்டரில் பஸ் ஓட்டி விளையாடுகிறார். தெரிந்தால் நிர்மலா கே.ஜி.கண்டிகை வரைக்கும் சொல்லிச் சிரிப்பாள்.

அதனால் அந்தச் சங்கதி அவருக்கும், பஸ் கேம் குரூப்பை நடத்துகிற அண்ணனுக்கும் நடுவிலேயே இருந்தது. அண்ணனின் நிஜப் பெயர் யாருக்கும் தெரியாது. குரூப்பில் ‘கடைசி டிரிப்’. ஓய்வுபெற்ற டிரைவராக இருக்கும், முறுக்கு மீசை இருக்கும் என்று பரந்தாமனே முடிவு கட்டியிருந்தார்.

இன்று காலை முகம் தெரியாத யாரோ தனியாக ஒரு லிங்க் அனுப்பியிருந்தான். ‘திருத்தணி மலைப்பாதை. எல்லா வளைவும் உண்டு. இலவசம்.’ கேமராவைத் தூக்கிக்கொண்டு ஒவ்வொரு முகூர்த்தத்துக்கும் ஏறி இறங்குகிற பாதை. அதில் ஒரு தடவையாவது தன் கையால் பஸ்ஸை வளைத்து ஏற்ற வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை.

இறக்கியாகிவிட்டது. திறப்பதற்கு முன் அண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம் என்று சாட்டில் தட்டினார்.

“அண்ணே, நம்ம மலை ரோடு கெடச்சிடுச்சு! ஜிப் ஃபைலா வந்திருக்கு. பிரிச்சா ஓட்டலாம்.”

முன்கடையில் பாஸ்போர்ட் ஃபோட்டோ வெட்டிக்கொண்டிருந்த கட்டர் சத்தம் நின்றது. போனில் அக்கா தங்கச்சிகளோடு அரட்டை ஆரம்பித்திருப்பாள், இனி அரை மணி நேரம் இந்தப் பக்கம் வரமாட்டாள் என்று பரந்தாமன் நிம்மதியானார்.

அண்ணனின் பதில் திரையில் வந்து விழுந்தது. “பிரிக்காதே தம்பி! யார் குடுத்தது?”

“தெரியலண்ணே. புது ஆளு.”

“எவ்ளோ சைஸு?”

“மூணு எம்.பி.”

“பைத்தியம். நம்ம கேம்ல ஒரு பஸ் ஸ்டாண்டே நூறு எம்.பி. வரும். மொத்த மலையும் மூணு எம்.பி.யில அடங்கிடுமா?”

பரந்தாமனுக்கு முகம் சுருங்கியது. ஆனாலும் ஆசை விடவில்லை. “அமுக்கி வச்சிருப்பாண்ணே. அதுக்குத்தானே ஜிப்பு?”

“பாஸ்வேர்டு கேக்குதா?”

“ஆங். அவனே குடுத்திருக்கான். ஆன்டிவைரஸை அணைச்சிட்டுத் தொறக்கச் சொல்றான்.”

“வூட்டுக்கு வர்றவன், மொதல்ல நாயைக் கட்டிப்போடுன்னா நீ என்னா நெனைப்பே? பாஸ்வேர்டு போட்டு அனுப்புறதே ஆன்டிவைரஸ் உள்ள எட்டிப் பாக்கக் கூடாதுன்னுதான். பிரிக்காம, உள்ள இருக்கிற பேரை மட்டும் பாரு. எப்படி முடியுது?”

“டாட் இ.எக்ஸ்.இ.”

“அது ரோடு இல்ல, ப்ரோக்ராமு. கிளிக் பண்ணினா பஸ் ஓடாது, அதுதான் ஓடும். உள்ள இருக்கிற ஃபைலை எல்லாம் தொறக்க முடியாம பூட்டிட்டுப் பூடும். அந்தக் கம்ப்யூட்டர்ல வேற என்னா வச்சிருக்கே?”

பரந்தாமன் மானிட்டரின் ஓரத்தைப் பார்த்தார். மூன்று கல்யாணம், மூன்று ஃபோல்டர். எதற்கும் காப்பி கிடையாது. திருவாலங்காட்டுப் பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுத்த அப்பா, அடுத்த வாரமே மாரடைப்பில் போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் வாய்விட்டுச் சிரித்த கடைசிப் படம் இதற்குள்தான் இருக்கிறது.

“கொஞ்சம் ஃபோட்டோ இருக்குதுண்ணே.”

“அப்போ அந்த ஜிப்பை இப்பவே அழி. ரீசைக்கிள் பின்லயும் இருக்கக் கூடாது. ஃபோட்டோவை எல்லாம் வேற ஹார்டு டிஸ்க்ல காப்பி போட்டு, கழட்டித் தனியா வையி. இனிமே கேம் செஞ்சவங்களோட சைட்ல இருந்து மட்டும்தான் எதுவும் எறக்கணும். புரியுதா?”

“புரியுதுண்ணே.”

அழித்தார். ரீசைக்கிள் பின்னையும் காலி செய்தார். மேசை இழுப்பறையில் தூசு படிந்து கிடந்த ஹார்டு டிஸ்க்கைத் துடைத்து மாட்டினார். பச்சைக் கோடு மெல்ல நகர்ந்து கடைசி வரைக்கும் போய்ச் சேர்ந்த பிறகுதான் அவருக்கு மூச்சே வந்தது.

கூடப் பிறந்தவன்கூட இந்த அக்கறை காட்டமாட்டான். கண் கலங்க, தடுமாறித் தடுமாறித் தட்டினார்.

“அண்ணே, என் தொழிலையே காப்பாத்திட்டீங்க. எந்த ஊர்னு மட்டும் சொல்லுங்க. ஆந்திராவா இருந்தாலும் பஸ் ஏறி வந்து உங்க கால்ல விழுறேன்.”

பதிலுக்காகத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மறைப்புத் துணி விலகியது. கையில் போனும் உதட்டில் அடக்க முடியாத சிரிப்புமாக நிர்மலா நின்றாள்.

“பஸ்ஸெல்லாம் எதுக்கு பாவா? இங்கியே விழுந்துடுங்க.”