ரேசரின் வயிற்றெரிச்சல்

தணிகாசலத்தின் குளியலறையில் ஒரு ரேசர் இருந்தது. ஜன்னலில், தொட்டியில் ஒரு சோற்றுக்கற்றாழை இருந்தது. சவரம் முடிந்ததும் அவர் கற்றாழைச் சோற்றைக் கன்னத்தில் தடவிக்கொண்டு, “அப்பாடா!” என்பார். ரேசருக்கு வயிறு எரியும்.

“தாடியோடு மல்லுக்கட்டுவது நான். நல்ல பேர் உனக்கா? நாளைக்கே உனக்கு வேலை இல்லாமல் பண்ணுகிறேன், பார்.”

“முடி சாய்ந்திருக்கிற பக்கமாகவே போங்க அண்ணே, அது போதும். தோல் எரியாது, எனக்கும் வேலை இருக்காது” என்றது கற்றாழை.

மறுநாள் ரேசர் வேண்டுமென்றே எதிர்ப்பக்கமாக ஏறியது. ஒரே இடத்தை நாலு தடவை அழுத்தி இழுத்தது. கழுத்து வழவழவென்று ஆனது. தடவிப் பார்த்த தணிகாசலம் கற்றாழையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போனார். ரேசருக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

மூன்றாம் நாள், வெட்டிய முடியெல்லாம் தோலுக்குள்ளேயே சுருண்டு, கழுத்து முழுக்கச் சிவப்புச் சிவப்பாகப் புடைத்தது. காலர் பட்டாலே துடித்தார். ரேசரை ஒரு மூலையில் வீசினார். இரண்டு வேளையும் குளிர்ந்த நீரால் ஒற்றி, கற்றாழை தடவினார். ஒரே வாரத்தில் அதற்குப் பெரிய தொட்டியும் வாங்கி வந்தார்.

மூலையிலிருந்து ரேசர் கத்தியது: “அவருக்கு என்னடி மருந்து வைத்தாய்?”

“நான் என்ன அண்ணே செய்தேன்? எனக்கு இவ்வளவு வேலை வாங்கிக் கொடுத்ததே நீங்கதானே!”