மாப்பிள்ளைக்கு நான்காம் நாள்

மொட்டை மாடியில், தண்ணீர்த் தொட்டியின் மறைவில் நிற்கவைத்து, மாப்பிள்ளையை நாக்கை நீட்டச் சொன்னார் மாமனார்.

நாக்கில் என்ன தெரியும் என்று அவருக்கும் தெரியாது. ஆனால் மாப்பிள்ளை சிகரெட்டை விட்டு இன்றோடு நான்கு நாள். பொறுப்பில் இருப்பவர் எதையாவது பரிசோதிக்காமல் இருக்க முடியுமா?

பொறுப்பைக் கொடுத்தது மகள். போன வாரம் ஏழு மாத வயிற்றோடு கடைக்கே வந்து கண்ணைக் கசக்கினாள். வீட்டுக்காரர் திருட்டுத்தனமாக ஊதுகிறாராம். குழந்தை பிறப்பதற்குள் விடவைக்க வேண்டுமாம். பாம்பின் கால் பாம்பறியும், உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள் என்றாள்.

முப்பத்தைந்து வருடமாக ஊதித் தள்ளியவருக்கு அது பாராட்டுப் பத்திரம் போலத்தான் இருந்தது. பழுதான மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டுவதைத் தவிர வேறு எதற்கும் அவரிடம் இதுவரை யாரும் யோசனை கேட்டதில்லை.

ஒரே ஒரு நிபந்தனை. பார்த்தால் ஆசை வந்துவிடும், அதனால் கூட இருப்பவரும் தொடக் கூடாது.

மாப்பிள்ளை ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பவர். பதினைந்து நாள் லீவு போட்டுவிட்டு, காயில் கடையிலேயே வந்து உட்கார்ந்துகொண்டார். தனியாக விட்டால் மனசு அலைபாய்கிறதாம். மாமனார் பாத்ரூம் போனால்கூடக் கதவுக்கு வெளியே நின்றார்.

நான்கு நாளில் மாமனார் பட்ட பாடு சொல்லி மாளாது. செம்புக் கம்பி கையில் நிற்காமல் ஆறு முறை அறுந்தது. இருபது வருட வாடிக்கையாளரை, நீயே கட்டிக்கோ என்று விரட்டினார். ஒரு டப்பா ஏலக்காயை மென்றே தீர்த்தார்.

ஆனாலும் கடமை தவறவில்லை. தலை வலிக்குமே என்று மாப்பிள்ளையைக் கேட்டார். மாப்பிள்ளை அவருடைய நெற்றியைப் பார்த்துவிட்டு, ஆமாம் வலிக்கிறது என்றார். கை நடுங்குமே என்று கேட்டார். அவருடைய கையைப் பார்த்துவிட்டு, நடுங்குகிறது என்றார்.

எல்லாம் அச்சு அசலாகப் பொருந்தியது. மாமனாருக்குப் பெருமை பிடிபடவில்லை.

இன்றுதான் பொறுக்க முடியவில்லை. நாக்குப் பரிசோதனை முடிந்ததும், மூக்குக் கண்ணாடிக் கூட்டைத் திறந்தார். உள்ளே ஒரே ஒரு சிகரெட்.

"நீங்க படுற கஷ்டத்தைப் பாக்க முடியல மாப்ள. ஆளுக்குப் பாதி. ஒருத்தருக்கும் தெரிய வேணாம்."

அவ்வளவு கருணையும் மாப்பிள்ளைக்காகத்தான்.

மாப்பிள்ளை இரண்டடி பின்னால் போனார். வேண்டவே வேண்டாம் என்றார். சரி, உங்கள் இஷ்டம் என்று மாமனார் அதைத் தன் வாயருகே கொண்டுபோனார்.

மாப்பிள்ளை பாய்ந்து பிடுங்கிக்கொண்டார். தீப்பெட்டியையும் பிடுங்கினார். தனக்கு முழுசாக வேண்டுமாம்.

மாப்பிள்ளைக்குத்தானே முதல் மரியாதை என்று மாமனார் விட்டுக்கொடுத்தார்.

நாலாவது குச்சியில் பற்றியது. பற்றியது சிகரெட் இல்லை, பஞ்சு. புகையிலைப் பக்கத்தை வாயில் கவ்விக்கொண்டு, பஞ்சுப் பக்கத்தில் தீ வைத்திருந்தார் மாப்பிள்ளை.

கருகல் நாற்றம் மூக்கைத் துளைத்தது. மாப்பிள்ளை இருமினார். வாய்க்குள் போன தூளைத் துப்பத் தெரியாமல் விழுங்கினார். கண்ணில் தண்ணீர் கொட்ட, "அப்பாடா, இப்பதான் மாமா உயிரே வந்துச்சு" என்றார்.

மாமனார் வாயைப் பிளந்துகொண்டு நின்றார். மழையில் பற்றவைத்திருக்கிறார். இருட்டில் பற்றவைத்திருக்கிறார். காய்ச்சலில், தூக்கக் கலக்கத்தில் பற்றவைத்திருக்கிறார். ஒரு நாளும் பக்கம் மாறியதில்லை.

பாம்பின் கால் பாம்பறியுமாம். இது பாம்பே இல்லை.

போன மாதம் நினைவுக்கு வந்தது. இருமல் நிற்கவில்லை என்று அவருடைய நெஞ்சைப் படம் எடுத்தது இதே மாப்பிள்ளைதான். இப்போதே நிறுத்தினால் பிழைத்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். மாமனார் ஆஸ்பத்திரி வாசலுக்கு வந்ததும் முதல் வேலையாக ஒன்றைப் பற்றவைத்தார். அந்தப் படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றிருந்தார் மாப்பிள்ளை.

மாமனார் கையை நீட்டினார். மாப்பிள்ளையின் வாயிலிருந்து சிகரெட்டை எடுத்துக் காலில் போட்டு நசுக்கினார்.

துணி எடுக்க வந்த மகள் படியிலேயே நின்று மூக்கைச் சுளித்தாள். யார் குடித்தது என்று கேட்டாள். கேட்டது புருஷனிடம், பார்த்தது அப்பாவை.

மாமனார் முந்திக்கொண்டார்.

"மாப்பிள்ளைதாம்மா. ஒரே இழுப்பு, நான் பிடுங்கிட்டேன். ஊறின பழக்கம், லேசுல போகாது. குழந்தை பொறக்கிற வரைக்கும் நான் கூடவே இருக்கணும் போல."

மாப்பிள்ளை மகா குற்றவாளியாகத் தலையைக் குனிந்துகொண்டார். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, காய்ந்த துணியோடு காயாத துணியையும் சேர்த்து உருவிக்கொண்டு இறங்கிப் போனாள்.

மாமனார் நெற்றிச் சுருக்கத்தைக் கையால் நீவிவிட்டுக்கொண்டார். இரண்டு கையையும் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டார். பிறகு கேட்டார்.

"இப்ப தலைவலி எப்படி இருக்கு மாப்ள?"

மாப்பிள்ளை வழக்கம்போல அவருடைய நெற்றியைப் பார்த்தார்.

"கொஞ்சம் கொறஞ்சிருக்கு மாமா."