பேசினதுக்குத் தண்டனை

"பேசினாளாம்! அவளாவது, பேசறதாவது!"

ஆறாம் வகுப்பு டீச்சருக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. பின்னே என்ன? பேர் கூப்பிட்டால்கூட 'உள்ளேன்' சொல்லாமல் கையை மட்டும் தூக்குகிற பெண் அவள். பிள்ளைகள் வைத்திருக்கும் பட்டப்பேரே 'மியூட்டு'. அவளைப் போய், நூலகத்தில் பேசினாள் என்று சொல்லி, இந்த வாரம் பூராவும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் புத்தகம் அடுக்க வைக்கிறாராம் நூலக டீச்சர்!

அந்த அம்மாள் எப்பவுமே அப்படித்தான். மூச்சு விட்டாலே 'உஷ்' என்பார். பள்ளிக்கூடம் மொத்தத்துக்கும் அவர் 'உஷ் டீச்சர்'.

"இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடறேன்" என்று பாதிச் சாப்பாட்டில் கை கழுவிக்கொண்டு கிளம்பினார் வகுப்பு டீச்சர்.

நூலகக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே யாரோ சத்தம் போட்டுக் கதை வாசிக்கிறார்கள். கரடிக்குக் கட்டைக் குரல், எலிக்குக் கீச்சுக் குரல். நடுநடுவே உஷ் டீச்சரின் சிரிப்பு வேறு!

எட்டிப் பார்த்தார். அட, மியூட்டு!

மேஜைமேல் டப்பா திறந்திருக்க, ஒரு வாய் சாப்பாடு, ஒரு பக்கம் கதை என்று போய்க்கொண்டிருந்தது. எதிரே உஷ் டீச்சர் கிழிந்த அட்டைகளை ஒட்டிக்கொண்டிருந்தார். வாசலில் நிழலாடியதும் எழுந்து வெளியே வந்து, கதவைச் சாத்தினார்.

"சண்டைதானே? மெதுவா போடுங்க டீச்சர், அவ காதுல விழுந்துடப் போகுது."

"அவ கிளாஸ்ல வாயே திறக்க மாட்டா. பேசினான்னு எப்படிச் சொன்னீங்க?"

"பேசலைன்னு எனக்குத் தெரியாதா? அவளுக்கும் தெரியும். போன மாசம் ஒருநாள் பாத்ரூம்ல நின்னுக்கிட்டே சாப்பிட்டுக்கிட்டிருந்தா. பக்கத்துல உட்கார யாரும் இல்லையாம்."

வகுப்பு டீச்சருக்குச் சுருக்கென்றது. "என் கிளாஸ் பொண்ணு... எனக்குத் தெரியாமப் போச்சே! அதுக்கு எதுக்குத் தண்டனை? சும்மாவே கூப்பிட்டு வெச்சுக்கலாமே?"

"வெச்சுக்கிட்டேன். 'பாவம், டீச்சரைத் தவிர இவளுக்கு ஃபிரெண்டே இல்லை'ன்னு கேலி பண்ணிட்டாங்க. அதோட வரமாட்டேன்னுட்டா. ஆனா பேசி மாட்டிக்கிட்டவளை யாரு கேலி பண்ணுவா? நேத்து ரெண்டு பொண்ணுங்க அவகிட்டப் போய், 'அப்படி என்னதான்டி பேசினே?'ன்னு கேட்டிருக்காங்க."

"பிள்ளைங்க உங்களைத்தான் ராட்சசின்னு திட்டுதுங்க, டீச்சர்."

"திட்டட்டும் விடுங்க. எனக்குப் பழகிப்போச்சு."

அடுத்த திங்கட்கிழமை நூலக வகுப்பு. எல்லாத் தலையும் புத்தகத்தில் கவிழ்ந்திருந்தது. மியூட்டும் வாயை இறுக மூடிக்கொண்டு வாசித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பக்கமும் அந்த இரண்டு பெண்கள். உஷ் டீச்சர் அவளைப் பார்த்து 'உஷ்' சொல்ல வாயைத் திறந்தார்.

அதற்குள் பின்னாலிருந்து வகுப்பு டீச்சரின் அதட்டல் கேட்டது.

"ஏய், யாரது அங்கே தொணதொணன்னு பேசறது? நீங்க மூணு பேரும்தானே? மத்தியானம் புத்தகம் அடுக்க வந்து சேருங்க. சாப்பாட்டு டப்பாவோட!"