முகம் காட்டாதவள்

திரையில் ஒரு பெண் பேசிக்கொண்டிருக்கிறாள். காதலைப் பற்றிப் பலரும் மனம் திறக்கும் இந்த ஆவணப்படத்தில் அவள் மட்டும் வெறும் நிழல், குரலைக்கூட மாற்றியிருக்கிறார்கள். மூன்றாம் வரிசையில் கணவனோடு ஒரு தையற்காரி அமர்ந்திருக்கிறாள். அந்த நிழல் அவள்தான். படமெடுத்தவள் அவளுடைய வாடிக்கைக்காரி. “யாருக்கும் தெரியாதுக்கா” என்று சொல்லித்தான் பேச வைத்தாள். அந்த வாடிக்கைக்காரி தையல் கடையில் கொடுத்துப்போன டிக்கெட்டைப் பார்த்ததும் கணவன் ஆசையாய்க் கிளம்பிவிட்டான். “சண்டை வந்தா எங்க வீட்டுக்காரர் பேசவே மாட்டார். ஃபேனைக் கழட்டித் தொடைக்க ஆரம்பிச்சிடுவார். எங்க வீட்டு ஃபேன் எப்பவும் பளபளன்னு இருக்கும்” என்கிறது நிழல். அரங்கம் கொல்லென்று சிரிக்கிறது. கணவனின் சிரிப்புதான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்கிறது. “என்னை மாதிரியே இன்னொருத்தன் இருக்கான் பாருடி!” என்று தோளை இடிக்கிறான். அடுத்து வரப்போகும் வாக்கியம் அவளுக்குத் தெரியும். அவன் காதைப் பொத்திவிடலாமா என்று கை பரபரக்கிறது. “ஒரு தடவை அவர் தொடைச்சிட்டு இருக்கும்போதே பொட்டி கட்டிட்டேன். வாசல் வரைக்கும் இழுத்துட்டுப் போனேன். மனுஷன் திரும்பிக்கூடப் பாக்கல.” மறுபடியும் சிரிப்பு அலையலையாய் எழுகிறது. பக்கத்து இருக்கையிலிருந்து மட்டும் சத்தமில்லை. திரையின் நீல வெளிச்சம் அவன் கன்னத்தில் அசையாமல் நிற்கிறது. அவள் முன்னிருக்கையின் முதுகையே வெறித்துக்கொண்டிருக்கிறாள்.

“பொட்டி சத்தம் கேட்டுச்சு” என்கிறான் அவன், மிக மெதுவாக. “திரும்புனா நெசமாவே போயிடுவியோன்னு பயந்துட்டு உக்காந்திருந்தேன்டி.”