சாந்தினி சொன்ன சாட்சி

கோழிக்குழம்புச் சட்டி சன்னாசியின் கையிலிருந்து நழுவி, பாஸ்டர் தேவனின் வெள்ளைக் கால்சட்டை மேல் கவிழ்ந்தது. ஸ்தோத்திரக் கூட்டத்துக்கு வந்திருந்த சபை மொத்தமும் பாட்டை நிறுத்திவிட்டுச் சன்னாசியின் முகத்தைப் பார்த்தது. இரண்டு பேர் மூக்கை உறிஞ்சி மோப்பமே பிடித்தார்கள்.

"குடிக்கல லா, பாய் தடுக்கிருச்சு," என்றான் சன்னாசி. குடித்த காலத்தில் அவன் ஒரு சொட்டுகூடச் சிந்தியதில்லை என்பதுதான் இதில் கொடுமை.

"தெரியும் அண்ணே. நல்ல வேளை, குழம்பு ஆறிப்போச்சு," என்று பாஸ்டர் காலை உதறினார். "எண்ணெய் அபிஷேகம் பாத்திருக்கேன். குழம்பு அபிஷேகம் இப்பதான் பாக்குறேன்."

வீடே சிரித்தது. மூலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த சாந்தினியும் இரண்டு கைகளாலும் வயிற்றை அழுத்திப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மனைவி வயிறு வலிக்கச் சிரித்துப் பார்த்து எத்தனை காலமாயிற்று என்று சன்னாசிக்கு மனசு குளிர்ந்தது.

கூட்டமே அந்த வயிற்றுக்காகத்தான். போன வருஷம் அதில் கட்டி இருப்பதாகவும், அது பரவிவிட்டதாகவும் டாக்டர் சொன்னார். அன்றைக்குத்தான் சன்னாசி முதல் முறையாகச் சபை வாசலை மிதித்தான்.

பீடோர் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்து, தோட்டம் மூடியதும் ஈப்போ நகரத்துக்கு வந்து, கடைத்தொகுதியில் காவலுக்கு நின்றவன். பெயரில் மட்டும் சன்னாசி. அவன் துறந்தது என்று எதுவும் கிடையாது. வேலைகள்தான் அவனைத் துறந்திருந்தன. அன்றும் சம்சுச் சாராய நாற்றத்தோடு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் நின்ற சாந்தினிக்கும் கேட்கும்படி கர்த்தரிடம் பேரம் பேசினான்.

"எம் பொண்டாட்டிக்குச் சுகம் குடு. அப்புறம் நான் சாராயத்தத் தொட்டா, என்னைய எடுத்துக்க."

அடுத்த ஞாயிறே சாந்தினி சபைக்கு முன்னால் எழுந்து நின்று சாட்சி சொன்னாள். "வயித்துல கட்டி இல்ல. கர்த்தர் எனக்குச் சுகம் குடுத்துட்டாரு." அவன் வேலையிடத்திலிருந்து போன் வந்தால், 'அவர் வீட்டில் இல்லை' என்று சொல்லக்கூட ஒப்புக்கொள்ளாதவள் அவள். அவளே சொன்னபிறகு சன்னாசி நம்பாமல் என்ன செய்வான்? அன்றோடு பாட்டிலைத் தூக்கிப் போட்டான்.

கை நடுங்கியது, வாந்தி வந்தது, சுவரோடு பேசினான். சாந்தினிதான் பக்கத்தில் உட்கார்ந்து கஞ்சி ஊட்டினாள். அவளுக்குச் செக்கப் வரும்போது மட்டும், "நீங்க லீவு எடுக்காதீங்க, தங்கச்சி கூட வாரா," என்று கிளம்பிவிடுவாள். ஆள் இளைத்துக்கொண்டே போனாள். உபவாச ஜெபம் அதிகம் என்று சபைப் பெண்கள் பெருமையாகச் சொன்னார்கள்.

கூட்டம் முடிந்து எல்லாரும் கிளம்பினார்கள். பாஸ்டர் காரில் ஏறுமுன் சன்னாசியின் தோளைத் தட்டினார்.

"அண்ணே, அடுத்த ஞாயித்துக்கிழமை லூமுட் சபைக்குப் போலாம். அக்காவுக்கு நடந்த அற்புதத்த நீங்களே உங்க வாயால சொல்லணும்."

"நானா? எனக்கு மைக்க எப்படிப் பிடிக்கணும்னே தெரியாது லா."

"சட்டிய விட மைக் லேசுதான், அண்ணே."

உள்ளே வந்தபோது ஷர்மினி தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். இடைநிலைப்பள்ளியில் படிக்கும் மகள். முன்பெல்லாம் அவன் மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டாலே பக்கத்து வீட்டுக்கு ஓடிவிடுவாள்.

"அப்பா, துடைச்ச இடத்துல மிதிக்காதீங்க. குழம்புக்கே இன்னும் உங்கள மன்னிக்கல," என்றாள். அவன் காதைப் பிடித்துக்கொண்டு தோப்புக்கரணம் போட்டான். அவள் சிரித்துக்கொண்டே வாளியைத் தூக்கிப் பின்கட்டுக்குப் போனாள்.

சன்னாசி முக்காலியை இழுத்துப்போட்டு மனைவியின் எதிரில் உட்கார்ந்தான். லூமுட்டில் பேசவேண்டியதை இப்போதே ஒத்திகை பார்த்துவிடவேண்டும் அவனுக்கு.

"சாந்தினி, முதல்லருந்து சொல்லு. கட்டி இல்லன்னு டாக்டர் எப்படிக் கண்டுபிடிச்சாரு?"

"கர்த்தர் பெரியவருன்னு சொல்லுங்க. அது போதும்."

"அதைத்தான் எல்லாரும் சொல்றாங்க. திரும்ப ஸ்கேன் எடுத்தாங்களா? டாக்டர் என்ன சொன்னாரு? ஆச்சரியப்பட்டாரா?"

"கொஞ்சம் சுடுதண்ணி குடுங்க."

கொண்டுவந்து கொடுத்தான். அவள் ஒரு வாய் குடித்துவிட்டு, குவளையை மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"எப்பக் கேட்டாலும் இப்படியே மழுப்புற," என்றான் சன்னாசி. "வேற ஊரு சபை. பைபிள் மேல கைய வச்ச மாதிரி நிக்கப்போறேன். நான் தெரியாம ஒரு பொய்யச் சொல்லிட்டா, அந்தப் பாவம் என்னையச் சேரும். இத்தனை நாள் சுத்தமா இருந்தது வீணாப் போயிரும்ல. நேராச் சொல்லு."

சாந்தினி பின்கட்டுப் பக்கம் பார்த்தாள். ஷர்மினி ஏதோ ஞானப்பாட்டைத் தப்பும் தவறுமாகப் பாடியபடி வாளியைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"நீங்க லூமுட்ல சாட்சி சொல்ல வேணாம்," என்றாள்.

"ஏன்?"

"ஒரு வீட்டுல ஒருத்தர் பொய் சொன்னது போதும்."

சன்னாசிக்குப் புரியவில்லை. புரியாத முகத்தோடு அசட்டுச் சிரிப்பு ஒன்று சிரித்தும் பார்த்தான். அவள் சிரிக்கவில்லை. அவன் கையைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்தாள். மகளுக்குக் கேட்காதபடி குரலை இறக்கினாள்.

"கட்டி அப்படியேதாங்க இருக்கு. நான் போனப்புறம் அவளுக்குக் குடிக்காத அப்பா ஒருத்தர் வேணும்ல."